பளிங்குத் தோற்றம் கொண்ட குவார்ட்ஸ் சமையல் மேடை: குமரி மாவட்ட வீடுகளுக்கான கேள்வி பதில்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் அடுக்களை வேலைகளை எடுத்துச் செய்யும்போது வீட்டுக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன். எந்த நிறுவனத்தின் பொருளையும் விற்பது என் வேலையில்லை. கல்லை எங்கே வாங்கினாலும் பொருத்தித் தருவதே என் தொழில்.

கடையில் குவார்ட்ஸ் என்று காட்டும் பலகை இயற்கைக் கல்லா?

கல்லிலிருந்து செய்யப்பட்டது, ஆனால் பாறையிலிருந்து அப்படியே அறுத்தெடுத்ததன்று. குவார்ட்ஸ் என்னும் கனிமத்தைப் பொடியாகவும் சிறு மணிகளாகவும் உடைத்து, எடையில் ஏறக்குறைய 90 முதல் 93 சதவீதம் அதையும், மீதிக்குப் பாலியெஸ்டர் வகை ரெசின் என்னும் பிசினையும் நிறமிகளையும் சேர்த்துப் பிசைந்து, காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் அதிர்வு கொடுத்து அழுத்தி, பிறகு சூட்டில் இறுகவைத்துப் பலகையாக்குகிறார்கள். இத்தாலியில் 1963ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரெட்டோன் என்னும் இயந்திர நிறுவனம் உருவாக்கிய முறை இது. இப்போது நம் நாட்டிலும், ஆந்திரம் தெலங்கானா பக்கத்திலேயே, இவ்வகைப் பலகைகள் தயாராகின்றன.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே விடை சொல்லிவிடுவீர்கள். இந்தப் பலகையில் உள்ள கல்லுக்கு அடுக்களையில் எதுவும் ஆகாது. சூட்டாலும் வெயிலாலும் கடும் ரசாயனத்தாலும் கெடுவது அதைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின்தான்.

அசல் மார்பிளையே போட்டுவிட்டால் என்ன?

பூஜை அறைக்கும் தரைக்கும் போடலாம். நம் அடுக்களைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மார்பிள் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். புளி, எலுமிச்சை, மோர், தக்காளி என எந்தப் புளிப்பு பட்டாலும் அது மேற்பரப்பைக் கரைத்து மங்கலாக்கிவிடும். இது கறையன்று, அரிப்பு. துடைத்தால் போகாது, மீண்டும் பாலிஷ் போட்டால்தான் போகும். குடம்புளியையோ வாளன்புளியையோ தினமும் கரைக்கிற வீட்டில் இது எத்தனை நாள் தாங்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடினத்திலும் வேறுபாடு பெரிது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் மார்பிளில் உள்ள கால்சைட் என்னும் கனிமம் 3, குவார்ட்ஸ் 7, சாதாரணக் கத்தி ஏறக்குறைய 5.5. கத்தி மார்பிளைக் கீறும், குவார்ட்ஸைக் கீறாது.

மஞ்சள் கறை பிடிக்குமா?

வெள்ளைப் பலகை என்றதும் எல்லா வீட்டிலும் முதலில் வரும் கேள்வி இது. பிடிக்கும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. குவார்ட்ஸ் பலகையில் துளைகள் மிகக் குறைவு என்பதால் எண்ணெயும் குழம்பும் உள்ளே இறங்குவதில்லை. மஞ்சளின் நிறப்பொருள் மட்டும் மேற்பரப்பில் உள்ள ரெசினில் ஒட்டிக்கொள்ளும். சாளைக் கறி சிந்திய இடத்தை இரவெல்லாம் விட்டு வைத்தால் காலையில் வெளிர்மஞ்சள் நிழல் ஒன்று தெரியும். சோப்பு போட்டவுடன் அது சிவப்பாக மாறினால் பதற வேண்டாம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், குங்குமம் செய்வதும் அப்படித்தான். சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, சற்று நேரம் விட்டு, மென்மையான துணியால் துடையுங்கள். மிச்சமிருக்கும் மெல்லிய நிழல் பகல் வெளிச்சத்தில் சில நாட்களில் தானாகவே மங்கிவிடும், ஏனெனில் அந்த நிறப்பொருளுக்கு வெளிச்சம் ஆகாது.

மஞ்சளைவிட நம் ஊரில் தொல்லை கொடுப்பவை ஏத்தன்காய்த் தோலும் பலாச் சக்கையும்தான். வாழைக்காயின் கறை காய்ந்தால் கறுத்துவிடும். அதுவும் ஈர இரும்புக் கத்தியை அதன் மேலேயே வைத்திருந்தால் இன்னும் கறுப்பாகும். நறுக்கும்போது கீழே ஒரு வாழையிலையோ பழைய செய்தித்தாளோ விரித்துவிட்டால் போதும். சக்கையின் பால் ஒட்டிய இடத்தில் கத்தியைக் கொண்டு சுரண்டாதீர்கள். கையில் தடவுகிற அதே தேங்காய் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்புத் தண்ணீர் போடுங்கள்.

சூடான பாத்திரத்தை நேரடியாக வைக்கலாமா?

வைக்கக் கூடாது. விற்பவர்கள் சிலர் வைக்கலாம் என்பார்கள், நம்ப வேண்டாம். ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் ரெசின் நிறம் மாறத் தொடங்குகிறது. சோறு கொதிக்கிற பானையின் அடி ஒரு கணம் பட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எண்ணெய் காய்கிற சட்டியின் கதை வேறு.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. ஓணத்தையொட்டி ஏத்தன்காய் வறுத்து முடித்து, எண்ணெயை வடித்த கையோடு, வெறும் இரும்புச் சீனச்சட்டியை நானே வெள்ளை மேடையின் ஓரத்தில் வைத்தேன். கதவு தட்டுகிறது என்று போய்த் திரும்பி வர ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எடுத்தபோது அரைவட்டமாக, சட்டியின் அடிவிளிம்பு தொட்ட அளவுக்கு மட்டும், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இருந்தது. வெளியிலிருந்து ஒட்டிய எண்ணெய்க் கரி என்று எண்ணிப் பல நாள் துடைத்துப் பார்த்தேன். விரலால் தடவினால் தட்டுப்படாது, ஆனால் கண்ணுக்குத் தெரியும். ரெசின் உள்ளுக்குள்ளேயே கருகியிருக்கிறது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவன் வீட்டில் அந்தக் கோடு இன்றும் இருக்கிறது. வாடிக்கையாளர் யாராவது வந்தால் காட்டுவதற்குப் பயன்படுகிறது.

நிறம் மாறுவது ஒரு பக்கம். விரிசல் இன்னொரு பக்கம். ஓர் இடம் மட்டும் திடீரென்று சூடேறி, பக்கத்து இடம் குளிர்ந்தே இருந்தால், இரண்டுக்கும் நடுவில் பலகை இழுபடும். அடுப்புக்காக வெட்டிய துளையின் மூலையில்தான் இது வழக்கமாக வெடிக்கும். மண்சட்டி இன்னும் கவனம் கேட்கும், ஏனெனில் இறக்கிய பிறகும் அது நெடுநேரம் சூட்டை வைத்திருக்கிறது. பாட்டி காலத்துப் பிரிமணைக்கு இணையான பாதுகாப்பு இதுவரை எந்தக் கடையிலும் வரவில்லை. அதில் இரண்டை அடுப்பின் இருபுறமும் போட்டு வையுங்கள்.

வெளியே ஒரு வேலைப்பகுதியும் விறகடுப்பும் இருக்கிறது. அங்கும் இதே கல்லைப் போடலாமா?

வேண்டாம். குமரி மாவட்டத்து வீடுகளில் முன்னால் ஓர் அடுக்களையும், பின்னால் வலைக்கம்பி அடித்த வேலைப்பகுதியும் இருப்பது வழக்கம். உண்மையான சமையல் பெரும்பாலும் பின்னால்தான் நடக்கிறது. மீன் வெட்டுவது, மரச்சீனிக் கிழங்கு அவிப்பது, தீயலுக்குத் தேங்காய் வறுப்பது எல்லாம் அங்கே. அந்த இடத்துக்குக் கறுப்பு கிரானைட்டைப் போடுங்கள். அதில் ரெசின் கிடையாது, சூட்டுக்கு அஞ்சாது, வெயிலில் நிறம் மாறாது. குவார்ட்ஸ் நேரடி வெயிலில் நாளடைவில் மஞ்சள் பாரிக்கும் என்பதால் கூரையில்லாத இடத்துக்கும், மாலை வெயில் முழுதாக விழும் மேற்குத் திறப்புக்கும் அது ஏற்றதன்று.

இப்படி இரண்டாகப் பிரித்துவிட்டால் செலவும் குறைகிறது. வெள்ளைக் கல்லை முன் அடுக்களைக்கு மட்டும் வாங்கினால் பெரும்பாலும் ஒரே பலகையில் வேலை முடியும். சொல்லப்போனால், பின்பக்க வேலைப்பகுதி இல்லாத வீட்டில், தினம் மூன்று வேளையும் வறுக்கிற பொரிக்கிற குடும்பத்துக்கு, வெள்ளைக் குவார்ட்ஸே வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். வேலை கைவிட்டுப் போனதும் உண்டு.

கராரா, ஸ்டாட்டுவாரியோ, கலக்கட்டா என்கிறார்களே, என்ன வேறுபாடு?

மூன்றும் இத்தாலியின் கராரா வட்டாரத்து மலைகளில் கிடைக்கும் மார்பிள்களின் பெயர்கள். குவார்ட்ஸ் தயாரிப்பவர்கள் அவற்றின் தோற்றத்தை எடுத்துக்கொண்டு பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். கராரா என்றால் சாம்பல் கலந்த வெண்மையில் மெல்லிய, நெருக்கமான நரம்புகள். ஸ்டாட்டுவாரியோ என்றால் தூய வெண்மையில் அடர்ந்த சாம்பல் நரம்புகள். கலக்கட்டாவில் நரம்புகள் அகலமாகவும் தொலைவு தொலைவாகவும் ஓடும், சிலவற்றில் பொன்னிறம் கலந்திருக்கும்.

சிறிய அடுக்களைக்கு அகல நரம்பு பொருந்துவதில்லை. கடையில் பத்தடிப் பலகையை நிமிர்த்தி வைத்துப் பார்க்கும்போது ஆறு போல ஓடுகிற அந்தக் கோடு, இரண்டடி அகலத்தில் வெட்டி, நடுவில் சிங்குக்கும் அடுப்புக்கும் துளை போட்ட பிறகு, எங்கோ தொடங்கி எங்கோ அறுந்த துண்டாகத்தான் தெரியும். நெருக்கமான மெல்லிய நரம்பு வெட்டுகளையும் மறைக்கும், இணைப்பையும் மறைக்கும், சிந்திய மாவையும் கொஞ்ச நேரம் மறைக்கும்.

கடைக்குப் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் கைக்கடக்கமான மாதிரித் துண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழுப் பலகையை வெளியே கொண்டுவரச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். குழல்விளக்கின் கீழ் பால் போலத் தெரியும் வெள்ளை, முற்றத்து வெளிச்சத்தில் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரியலாம். பலகையின் ஒரு முனையில் நின்று, கண்ணைத் தாழ்த்தி, மேற்பரப்பின் மேல் வெளிச்சம் ஓடுவதைக் கவனியுங்கள். பாலிஷ் குறைந்த திட்டுகளும் சிறு குழிகளும் அப்போதுதான் அகப்படும். இரண்டு பலகை தேவையென்றால் இரண்டின் லாட் எண்ணும் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள், ஏனெனில் லாட் மாறினால் வெண்மையும் சற்று மாறும்.

அடுத்து, வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். சில பலகைகளில் நரம்பு உள்ளே வரை இறங்கியிருக்கும். சிலவற்றில் மேலே மட்டும் இருக்கும். மேலே மட்டும் இருந்தால், முன் விளிம்பை உருட்டி பாலிஷ் போட்ட பிறகு, கோடு அங்கே வந்து திடீரென்று நின்றுபோய் விளிம்பு வெறும் வெள்ளையாகத் தெரியும். இது குறையென்று சொல்ல முடியாது. விலை அதற்கேற்றபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முடிந்தால் ஒரு கழிவுத் துண்டைக் கேட்டு வாங்கி வந்து வீட்டில் சோதித்துப் பாருங்கள். எலுமிச்சம் பழத்தைப் பாதியாக அறுத்து, அறுத்த பக்கத்தைக் கல்லின் மேல் கவிழ்த்து ஓர் இரவு விடுங்கள். காலையில் அந்த வட்டம் மங்கியிருந்தால் அது குவார்ட்ஸ் அன்று, மார்பிள் பொடியில் செய்த பலகை. இன்னொரு மூலையில் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவி வைத்துவிடுங்கள். சாவியால் கீறிப் பாருங்கள்; சாம்பல் கோடு விழுந்தால் அது சாவியின் உலோகம் கல்லில் தேய்ந்த தடம், கிரீம் வகைச் சுத்தப் பொருளால் போய்விடும். போகாமல் பள்ளமாக இருந்தால் கல்லைச் சந்தேகியுங்கள்.

நானோ ஒயிட் என்பதும் குவார்ட்ஸ்தானா?

இல்லை. அது கண்ணாடியைப் படிகமாக்கிச் செய்வது. சீரான பளீர் வெள்ளை, சூட்டையும் நன்றாகத் தாங்கும், ஆனால் ஓரம் எளிதில் சில்லுப் போகும். கொரியன் என்று நம் ஊரில் சொல்வது அக்ரிலிக் கலந்த வேறொரு பொருள். இணைப்பு தெரியாமல் ஒட்டலாம், ஆனால் கத்தி பட்டால் கீறும். பட்டியலில் பொருளின் பெயரை எழுதி வாங்குவது நல்லது.

எத்தனை சதுர அடி வாங்க வேண்டும்?

குவார்ட்ஸைப் பெரும்பாலும் முழுப் பலகையாகத்தான் விற்கிறார்கள் என்பதால், சதுர அடியை மட்டும் கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கும். பெரிய பலகை 3200 மில்லிமீட்டர் நீளம், 1600 அகலம். அதாவது பத்தரை அடிக்கு ஐந்தேகால் அடி, சுமார் 55 சதுர அடி. உங்கள் மேடை எல் வடிவில், ஒரு சுவர் 10 அடியும் மறுசுவர் 7 அடியும் என்று வைத்துக்கொள்வோம். மூலையின் இரண்டடியைக் கழித்தால் 10 அடியும் 5 அடியும், ஆக 15 அடி நீளம், இரண்டடிக்குச் சற்று கூடுதலான அகலம். ஒரே பலகையில் இரண்டு நீளத் துண்டுகளாக அறுத்தால் இது முடிந்து, இரண்டாம் துண்டில் ஐந்தடிக்கு மேலும், ஓரத்தில் ஓரடி அகலப் பட்டையும் மிஞ்சும். அந்தப் பட்டையில் விளிம்பைத் தடிமனாகக் காட்டும் நோசிங்கும், சுவரோரத்து நாலு அங்குலப் பட்டியும் எடுக்கலாம். மிஞ்சியதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். பணம் கொடுத்தது நீங்கள்.

சுவர் 11 அடியாக இருந்தால் ஓர் இணைப்பு தவிர்க்க முடியாதது. அதை எங்கே வைப்பது என்பதை வெட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். சிங்கின் நடுவிலும் அடுப்பின் நடுவிலும் இணைப்பு வரக் கூடாது.

தடிமன் எவ்வளவு வேண்டும்?

20 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டரும் கிடைக்கிறது, அதைச் சுவருக்கு ஒட்டலாம். 20 மில்லிமீட்டர் பெரிய பலகை ஒன்று ஏறக்குறைய 240 முதல் 250 கிலோ எடையிருக்கும்; மாடி அடுக்களை என்றால் ஏற்றுவதற்கு எத்தனை பேர், படிக்கட்டுத் திருப்பத்தில் பத்தடித் துண்டு திரும்புமா என்பதை முன்கூட்டியே அளந்து பார்க்க வேண்டும்.

தடிமனைப் பற்றி யாரும் கேட்காத ஒன்று உண்டு: தேங்காய் துருவி. மேடையின் விளிம்பில் திருகி மாட்டும் துருவி நம் வீடுகளில் தினமும் வேலை செய்கிறது. கீழே உள்ள அலமாரிக்கு வெளியே கல் குறைந்தது ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால்தான் அதை மாட்ட முடியும். நோசிங்கை ஒட்டித் தடிமனை நாற்பது மில்லிமீட்டர் ஆக்கிவிட்டால் சில துருவிகளின் வாய் அதற்குப் போதாது. திருகை இறுக்கும்போது உலோக வாய் கல்லை நேரடியாகக் கடித்தால் விளிம்பு சில்லுப் போகும். மேலும் கீழும் பழைய சைக்கிள் டியூபின் துண்டை வைத்து இறுக்குங்கள். அளவெடுக்க வருகிறவரிடம் உங்கள் துருவியை எடுத்துக் காட்டிவிடுவது எல்லாவற்றையும்விட எளிது.

சிங்குக்கும் அடுப்புக்கும் வெட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

துளையின் நான்கு உள்மூலைகளும் வளைவாக இருக்க வேண்டும். இரண்டு நேர்க்கோடுகள் கூர்மையாகச் சந்திக்கும் மூலையில்தான் விரிசல் பிறக்கும். மூலையில் முதலில் வட்டத் துளையிட்டு, துளையிலிருந்து துளைக்கு அறுப்பவர் வேலை தெரிந்தவர். ஆங்கிள் கட்டரை மூலை தாண்டி ஓட்டிவிட்டு, தாண்டிய கீறலைப் பசை போட்டு மறைப்பவரை அப்போதே நிறுத்துங்கள். துளைக்கு முன்னால் மிஞ்சும் குறுகிய பட்டைக்குக் கீழே தாங்கு கொடுக்க வேண்டும். சுவரோரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு சிலிக்கான் போட வேண்டும், சிமெண்ட்டால் இறுக்கக் கூடாது.

வெட்டும் தூசி கேடு என்கிறார்களே?

உண்மைதான், இந்தக் கேள்வியை அரிதாகவே யாரும் கேட்கிறார்கள் என்பதுதான் வருத்தம். குவார்ட்ஸ் பலகையில் 90 சதவீதத்துக்கு மேல் படிகச் சிலிக்கா இருக்கலாம். உலர்ந்த நிலையில் அறுக்கும்போது பறக்கும் மிக நுண்ணிய தூசி நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்னும் குணமாகாத நோயைத் தருகிறது. அறுக்கும் தொழிலாளர்கள் பலருக்கு இந்நோய் வந்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைப் பலகைகளின் தயாரிப்பையும் விற்பனையையும் பொருத்துதலையும் தடை செய்தது. பொருத்திய மேடையால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்தில்லை. ஆபத்து முழுக்க அறுப்பவருக்கும் அருகில் நிற்பவருக்கும்தான்.

ஆகவே தண்ணீர் விட்டு அறுக்கும் இயந்திரம் உள்ள பட்டறையிலேயே எல்லா வெட்டும் முடிந்து வரவேண்டும் என்று ஒப்பந்தம் செய்யுங்கள். வீட்டில் கொஞ்சம் செதுக்க நேர்ந்தால் வெளியே, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, முகத்தோடு படியும் தரமான தூசி வடிகட்டி முகமூடியோடு செய்யட்டும். வாயில் துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொள்வது இந்தத் தூசிக்குப் போதாது. சிலிக்கா குறைத்த பலகைகளும் இப்போது வருகின்றன. கிடைத்தால் அவற்றைக் கேளுங்கள்.

கடற்கரையை ஒட்டிய வீடு. உப்புக்காற்று கல்லைக் கெடுக்குமா?

கல்லுக்கு ஒன்றும் ஆகாது. குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளில் துருப்பிடிப்பது கல்லைத் தாங்கும் இரும்பு ஆங்கிளும் திருகுகளும்தான். தாங்கு துருப்பிடித்து ஊதினால் மேலே உள்ள பலகை விரிசல் விடும். அந்த இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையோ, சுவரில் பதித்த கடப்பாக் கல்லையோ பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெறும் மாவட்டம் என்பதால் சிங்கோரத்து சிலிக்கான் கறுத்துப் பூசணம் பிடிப்பதும் இங்கே வழக்கம். பூசணம் தடுக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தினமும் எதைக்கொண்டு துடைப்பது?

பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரும் மென்மையான துணியும். கல்லின் துளைகளை அடைக்கும் சீலர் எதுவும் பூச வேண்டியதில்லை. தரைக்கு ஊற்றும் ஆசிட், பிளீச்சிங் பவுடர், பெயிண்ட் கரைப்பான், இரும்பு நார் ஆகியவற்றை மேடைப் பக்கமே கொண்டுவராதீர்கள். கிணற்றுத் தண்ணீரின் வெள்ளைப் படிவு குழாயடியில் சேர்ந்தால், தண்ணீர் கலந்த வினிகரைத் தடவி உடனே கழுவிவிடலாம்.

விளிம்பு உடைந்தால் சரிசெய்ய முடியுமா?

சிறு சில்லை அதே நிறத்து எப்பாக்ஸி நிரப்பித் தேய்த்துவிடலாம். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும். கருகிய தடத்தை ஓரளவு மட்டுமே தேய்த்தெடுக்க முடியும், தேய்த்த இடத்தின் பளபளப்பு மற்ற இடத்தோடு சேராது. இதற்காகத்தான் மிஞ்சிய துண்டை எடுத்து வைக்கச் சொன்னேன். எங்கள் வீட்டுத் துண்டு கோழிக்கூட்டுக்குப் பின்னால் நான்காண்டுகளாகச் சாத்தி வைத்திருக்கிறது. வெயில் படும் பாதி மட்டும் இப்போது மோர் நிறத்தில் இருக்கிறது, நிழலில் இருந்த பாதி வாங்கிய நாளின் வெள்ளையிலேயே இருக்கிறது.